சென்னை மடிப்பாக்கத்தில் அரை ஏக்கர் நிலம், பக்கத்தில் ஒரு குட்டை: தெருவின் சூடு குறைய என்ன செய்யலாம்?

வாசு_மடிப்பாக்கம்:
வணக்கம். எங்கள் மனைப்பிரிவில் ஓ.எஸ்.ஆர். நிலமாக, அதாவது பொதுத் திறந்தவெளியாக, விட்ட அரை ஏக்கர் இத்தனை காலம் சீமைக்கருவேலமும் கட்டட இடிபாடுமாகக் கிடந்தது. இப்போது பூங்கா அமைக்க நிதி வந்திருக்கிறது. நிலத்தை ஒட்டிக் கிழக்கே ஒரு பழைய குட்டை. கோடையிலும் நடுவில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், ஒரு மூலையில் கழிவுநீர் கலக்கிறது.

வரைபடம் கைக்கு வந்துவிட்டது. சுற்றிலும் பேவர் பிளாக், எட்டு வடிவ நடைபாதை, நடுவில் புல்தரை, வண்ண விளக்கு போட்ட நீரூற்று, ஓரமாக வரிசையாய் அலங்காரப் பனை. குட்டையின் கரை முழுக்கக் கல் பதித்து, தரை வரை சிமென்ட் பூசி, சுற்றுச்சுவர்.

எங்கள் தெருவின் கடைசியில் தகர ஷீட் போட்ட வீடுகள் வரிசையாக இருக்கின்றன. மே மாதத்தில் அந்த வீட்டுக் குழந்தைகள் ராத்திரி பத்து மணிக்கும் வாசலில்தான் இருக்கும், உள்ளே படுக்க முடியாது. இந்தப் பணத்தில் அவர்களுக்குக் கொஞ்சமாவது சூடு தணிய வேண்டும் என்பது என் ஆசை. ஞாயிற்றுக்கிழமை நலச்சங்கக் கூட்டம். வரைபடத்தில் எதை மாற்றச் சொல்லிக் கேட்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாற்றங்கால்:
முதலில் அந்த அலங்காரப் பனையை எடுக்கச் சொல்லுங்கள் வாசு சார். உச்சியில் நாலு மட்டை, கீழே ஒரு ஆள் நிற்கக்கூட நிழல் இல்லை. அதே குழியில் ஒரு புங்கை வைத்தால் அஞ்சு வருஷத்தில் ஒரு ஆட்டோ ஸ்டாண்டே அதன் கீழே நிற்கும். புங்கை ஏப்ரலில் புதுத்தளிர் விட்டு, மே வெயிலுக்குள் அடர்ந்துவிடும். நமக்கு நிழல் வேண்டிய நேரத்தில் நிழல் தருகிற மரம் அது.

கோபி_கட்டடம்:
கட்டட வடிவமைப்பில் இருக்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். பசுமை ஒரு இடத்தைக் குளிர்விப்பது இரண்டு வழியில். ஒன்று நிழல். இன்னொன்று, வேர் உறிஞ்சிய தண்ணீரை இலை ஆவியாக விடுவது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றிலிருந்து ஏறக்குறைய 0.68 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. நன்றாக வளர்ந்து, வேரில் ஈரமும் உள்ள பெரிய மரம் ஒரு நாளில் 100 லிட்டர் வரை விடும். கணக்குப் போட்டால் 68 யூனிட். ஒன்றரை டன் ஏசி மணிக்கு 5.3 யூனிட் வெப்பத்தை அறையிலிருந்து எடுக்கிறது. ஒரு மரம் ஒரு நாளில் செய்வது, அந்த ஏசி 13 மணி நேரம் ஓடுகிற வேலைக்குச் சமம். ஏசி அந்த வெப்பத்தைத் தெருவில் கொட்டுகிறது, மரம் அப்படிக் கொட்டுவதில்லை.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. வேரில் ஈரம் இல்லையென்றால் மரம் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். அப்போது நிழல் மட்டும்தான் மிச்சம். பேவர் பிளாக்குக்கு நடுவே ஒரு முழ வட்டத்தில் நிற்கிற மரம் மே மாதத்தில் இந்த நிலையில்தான் இருக்கிறது. அதனால் வரைபடத்தில் நான் முதலில் பார்ப்பது எத்தனை மரம் என்பதை அல்ல, எத்தனை சதுர அடி மண் திறந்திருக்கிறது என்பதைத்தான்.

புல்தரையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர் குடிக்கும், நிழல் தராது.

எதிர்வாதி_73:
எல்லாரும் மன்னிக்கவும், எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. சென்னையின் பரப்பு சுமார் 426 சதுர கிலோமீட்டர். அதில் அரை ஏக்கர் எங்கே? இரண்டு பக்கமும் நாலு மாடி, வீட்டுக்கு இரண்டு ஏசி, ரோடு முழுக்கத் தார். ஒரு பூங்கா போட்டு ஊர்ச் சூடு குறையும் என்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. அந்தப் பணத்தில் ஷீட் வீடுகளின் கூரைக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்தால் நேரடிப் பலன் கிடைக்கும்.

வாசு_மடிப்பாக்கம்:
கூரைக்கு வெள்ளை அடிப்பது நல்ல யோசனை சார், தனியாக எழுதி வைத்துக்கொள்கிறேன். இந்த நிதி பூங்காவுக்கென்றே ஒதுக்கியது, கூரைக்குத் திருப்ப முடியாது. வருகிற பணத்தை எப்படிச் சரியாகச் செலவழிப்பது என்பதுதான் என் கேள்வி.

கோபி_கட்டடம்:
எதிர்வாதி சார் சொல்வதில் பாதி நியாயம். ஊர் வெப்பநிலையை அரை ஏக்கர் மாற்றாது. பூங்காவின் குளிர்ச்சி அதன் எல்லையைத் தாண்டி ஏறக்குறைய அதன் அகலம் அளவுக்குத்தான் போகும் என்பது பொதுவாகக் காணப்படுவது. கிண்டி தேசியப் பூங்கா மாதிரி 270 ஹெக்டேர் இருந்தால் சுற்றுவட்டாரமே உணரும். இங்கே பக்கத்துத் தெரு மட்டும்தான்.

ஆனால் "எத்தனை டிகிரி குறையும்" என்று காற்றின் வெப்பநிலையை மட்டும் பார்ப்பது போதாது. உடம்பு சூட்டை உணர்வது காற்றால் மட்டுமல்ல. மேலிருந்து அடிக்கிற வெயில், தார் ரோட்டிலிருந்தும் சுவரிலிருந்தும் வருகிற அனல், இவை எல்லாம் சேர்ந்ததுதான் சூடு. நண்பகலில் தார் ரோட்டின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொடும். மரத்தடியில் காற்று ஒன்றிரண்டு டிகிரிதான் குறைந்திருக்கும், ஆனால் உடம்புக்குப் படுகிற வெப்பம் 10 டிகிரிக்கு மேல்கூடக் குறையும். எங்கள் பக்கத்து பஸ் ஸ்டாப்பில் கூரை இல்லை. மதியம் பாருங்கள், காத்திருப்பவர்கள் விளக்குக் கம்பத்தின் நிழலில் ஒருவர் பின் ஒருவராக வரிசை கட்டி நிற்பார்கள். நிழல் நகர நகர வரிசையும் நகரும். அவர்களுக்கு ஊரின் சராசரி வெப்பநிலை தேவையில்லை, தலைக்கு மேல் ஒரு கிளை தேவை.

மருத்துவர்_அமுதா:
இதைப் பற்றி ஒரு எண் சொல்கிறேன். ஐரோப்பாவில் 93 நகரங்களை வைத்துச் செய்த ஆய்வு 2023-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நகரத்தின் மரப்பரப்பை 30 சதவீதம் ஆக்கினால் சராசரியாக 0.4 டிகிரிதான் குறையும். அந்த 0.4 டிகிரியே 2015 கோடையில் 2,644 பேரின் அகால மரணத்தைத் தடுத்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். நகரச் சூட்டால் ஏற்பட்ட மரணங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அரை டிகிரியை அற்பமாகப் பார்க்க வேண்டாம்.

நம் ஊரில் கோடையில் எங்களிடம் வருகிறவர்கள் யார் தெரியுமா? கொத்தனார், சித்தாள், தள்ளுவண்டிக்காரர், டெலிவரி பையன்கள், மாடி வீட்டில் தனியாக இருக்கிற வயதானவர்கள். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்த பிறகு நிவாரணம் கிடைக்கும். நிழல் இருந்தால் அந்த உயிரே போயிருக்காது.

கூடல்_மீனா:
மதுரையிலேருந்து எழுதுறேன். எங்க ஊரு வெயில் வேற, ஒங்க ஊரு வெயில் வேற. இங்க காத்து காஞ்சு கெடக்கும். வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பனையூர் கால்வாய் வழியா வைகைத் தண்ணி விட ஆரம்பிச்சதுலேருந்து சாயங்காலம் அந்தப் படிக்கட்டுல போய் உக்காந்தா உடம்பே சொல்லும். தண்ணி மேல பட்டு வர்ற காத்துக்கு ஒரு தனி சொகம் இருக்கு. சுத்துப்பட்டுல கெணறு, போரு எல்லாம் ஊறியிருக்குன்னு வேற சொல்றாங்க. எங்களுக்குத் தண்ணிதான் மொதல்ல. சென்னைக்காரங்களுக்கு அது ஒத்து வருமா, இல்ல புழுக்கம்தான் கூடுமா?

வானம்_பார்த்தவன்:
மீனா அக்கா கேட்டதுதான் சரியான கேள்வி. பதில் நேரத்தைப் பொறுத்தது.

மே மாதத்தில் சென்னையில் காலையிலிருந்து மேற்குக் காற்று. உள்நாட்டுச் சூட்டை எல்லாம் வாரிக்கொண்டு வரும், வறண்டிருக்கும். கடற்காற்று மதியத்துக்கு முன்பே உள்ளே வந்துவிட்டால் 37, 38-ல் தப்பித்துக்கொள்வோம். மேற்குக் காற்று பலமாக இருந்து கடற்காற்று இரண்டு, மூன்று மணி வரை தாமதமானால் 40 தாண்டும். 2003 மே கடைசியில் 45 டிகிரி தொட்டது இப்படிப்பட்ட நாட்களில்தான். அந்த வறண்ட நேரத்தில் ஈரப்பதம் நன்றாக இறங்கியிருக்கும், அப்போது நீர்ப்பரப்பும் இலையும் ஆவியாக்கிக் குளிர்விப்பது சென்னையிலும் வேலை செய்யும். அதாவது மிக மோசமான நேரத்தில் உதவும்.

கடற்காற்று வந்த பிறகு ஈரம் ஏறிவிடும். அப்போது ஆவியாக்கிப் பெரிய லாபம் இல்லை, காற்றோட்டம்தான் லாபம். ஆகவே மாலையில் போடுகிற நீரூற்று கண்ணுக்கு விருந்து, உடம்புக்கு ஒன்றும் செய்யாது. ராத்திரியில் இன்னொரு சிக்கல். தண்ணீர் மெதுவாகத்தான் ஆறும், பகலில் வாங்கிய சூட்டை இரவில் விடும். காற்று புகாத இடத்தில் ஆழமில்லாத நீர்ப்பரப்பு இருந்தால் இரவில் பக்கத்து வீட்டுக்குப் புழுக்கம் கூடலாம்.

வாசு சார், குட்டை உங்கள் நிலத்துக்குக் கிழக்கே என்றீர்கள். கடற்காற்று வருகிற திசை அது. அந்தப் பக்கம் சுற்றுச்சுவர் எழுப்பினால் காற்றுக்குக் கதவைச் சாத்தியதாக ஆகும். கம்பி வேலி போதும். கிழக்கு ஓரத்தில் அடர்ந்த புதர் வேண்டாம், அடிக்கிளை கழித்த உயர மரமாக வையுங்கள். காற்று கீழே நுழையட்டும்.

வாசு_மடிப்பாக்கம்:
இது எனக்குத் தோன்றவே இல்லை. வரைபடத்தில் கிழக்கே ஏழடிச் சுவர் இருக்கிறது!

ஏரிக்கரை:
சுவரைவிட எனக்கு வயிற்றைக் கலக்குவது குட்டையின் தரைக்கு சிமென்ட் பூசுவது. கோபி சொன்ன கணக்கை மறுபடி பாருங்கள். மரம் 100 லிட்டர் விட வேண்டுமென்றால் யார் அதற்குத் தண்ணீர் தருவது? லாரியா? 2019 ஜூனில் குடிக்கவே லாரி இல்லாமல் குடத்தோடு நின்றோம். குட்டைதான் தர வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்து வைத்து, மண்ணுக்குள் கசியவிட்டு, பக்கத்து நிலத்தின் ஈரத்தை மே வரை இழுத்துக் கொண்டுபோவதுதான் குட்டையின் வேலை. தரையில் சிமென்ட் பூசினால் அது ஒரு பெரிய தொட்டி. கரையில் நிற்கிற மரத்துக்கு ஒரு சொட்டு போகாது.

நம் முன்னோர் ஏரி வெட்டியது பாசனத்துக்கு, அது தெரியும். ஆனால் நகரத்துக்கு நடுவே அது என்ன செய்துகொண்டிருந்தது என்பதை அதைத் தூர்த்த பிறகுதான் உணர்கிறோம். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை ஒரு நெடிய ஏரி இருந்தது. அதன் மாம்பலம் பகுதியை 1920-களில் வற்றவைத்துத்தான் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் திறந்தார்கள். இன்று மே மாத மதியத்தில் பாண்டி பஜாரிலிருந்து உஸ்மான் ரோடு வரை நடந்து பாருங்கள், அந்த ஏரி இருந்திருந்தால் என்று தோன்றும்.

உங்கள் பக்கமே வாருங்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தபோது மிஞ்சியிருந்தது 1,248 ஹெக்டேர் சுமார். ஒரு காலத்தில் இருந்ததில் சிறு பங்கு. வேளச்சேரி ஏரி 265 ஏக்கர் என்பார்கள், இப்போது 55. மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளெல்லாம் அந்தச் சதுப்புக்கு நீர் கொண்டு போகிற சங்கிலியில் கோத்தவை. உங்கள் குட்டையும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. தயவுசெய்து அதைத் தொட்டியாக்க விடாதீர்கள்.

எதிர்வாதி_73:
குட்டையை அப்படியே விட்டால் கொசு. இதை யாரும் பேசவில்லை. வாசு சார் வீட்டுப் பக்கத்திலேயே கழிவுநீர் கலக்கிறது என்கிறார். ஷீட் வீட்டுக் குழந்தைக்கு வெயில் குறைந்து டெங்கு வந்தால் என்ன பயன்?

மருத்துவர்_அமுதா:
டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசு குளத்தில் வளர்வதில்லை சார். தேங்காய்த் தொட்டி, பழைய டயர், மூடாத டிரம், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு, இவைதான் அதன் வீடு. கழிவுநீர் கலந்த குட்டையில் பெருகுவது கியூலெக்ஸ், இரவில் கடித்துத் தூக்கத்தைக் கெடுப்பது. அதற்கு மருந்து கழிவுநீரை நிறுத்துவது. தண்ணீர் சுத்தமாகி மீன் வாழ ஆரம்பித்தால் புழுவை மீனே தின்றுவிடும். ஆகாயத்தாமரை மூட விடக்கூடாது, மூடினால் மீனால் எட்ட முடியாது. எதிர்வாதி சாரின் கவலை நியாயமானது, அதனால் கழிவுநீர்க் குழாயை அடைப்பது முதல் வேலையாக இருக்கட்டும். நீரூற்றுக்குப் போகிற பணத்தை அதற்குப் போடுங்கள்.

சிங்கை_செல்வி:
சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே வருடம் முழுக்கப் புழுக்கம், மீனா கேட்ட கேள்வி எங்களுக்கும் பொருந்தும். நகரின் கட்டட நெரிசலான பகுதிக்கும் வெளிப்புறக் காட்டுப் பகுதிக்கும் இரவில் 7 டிகிரி வரை வித்தியாசம் அளந்திருக்கிறார்கள். ஆகவே பச்சை நிறைந்த ஊர் என்று பெயர் எடுத்தாலும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை.

இங்கே பூங்காவைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது சாலையோர மரம். லீ குவான் யூ 1963-ல் மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கினார். அன்றிலிருந்து ஆட்சியில் எது மாறினாலும் இது மாறவில்லை. சாலையின் இரு பக்கத்துத் தூங்குமூஞ்சி மரங்கள் மேலே கைகோத்து நிற்கும். சாலை போடும்போதே மரத்துக்கென்று மண் பட்டை விட்டுத்தான் போடுகிறார்கள்.

நீருக்கு ஒரு உதாரணம், பீஷான் – ஆங் மோ கியோ பூங்கா. அங்கே காலாங் ஆறு 2.7 கிலோமீட்டர் நேர்க்கோட்டு கான்கிரீட் கால்வாயாக ஓடியது. அதை உடைத்து, 3 கிலோமீட்டர் வளைந்து ஓடுகிற ஆறாக்கி, கரையில் கான்கிரீட்டுக்குப் பதில் செடியும் வேரும் பாறையும் வைத்து 2012-ல் திறந்தார்கள். மழை வந்தால் ஆறு பூங்காவுக்குள் அகலும், வடிந்ததும் பிள்ளைகள் இறங்கி விளையாடுவார்கள். கல் பதித்த கரையை நியாயப்படுத்துகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். உடைத்துத் திரும்ப மண்ணாக்குகிற காலத்தில் நாம் புதிதாகப் பூச வேண்டியதில்லை.

கோபி_கட்டடம்:
கூட்டத்தில் யாராவது தென் கொரியாவின் தலைநகர் சியோலைக் காட்டி "பாருங்கள், நீரோடை வைத்தார்கள், குளிர்ந்தது" என்று நீரூற்றுக்கு ஆதரவாகப் பேசக்கூடும், அதற்கும் தயாராகப் போங்கள். சோங்கேசோன் ஓடையை 2003-லிருந்து 2005-க்குள் மீட்டார்கள், 5.8 கிலோமீட்டர். பக்கத்துச் சாலையைவிட ஓடைக்கரை 3.3 முதல் 5.9 டிகிரி வரை குறைவாக அளந்தார்கள். ஆனால் அங்கே முதலில் ஒரு மேம்பால விரைவுச் சாலையையே இடித்தார்கள். வண்டி போனது, கான்கிரீட் போனது, காற்றுக்கு வழி திறந்தது, செடி வந்தது, அதோடு நீரும் வந்தது. நீர் மட்டும் காரணமில்லை. தவிர, பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து தினம் 1,20,000 டன் பம்ப் செய்து விடுகிற தண்ணீர். அந்த மின்கட்டணத்தை நம் வார்டு தாங்காது.

என்னைக் கேட்டால் நமக்குப் பொருத்தமான உதாரணம் கொலம்பியாவின் மெடெயின் நகரம். 2016-லிருந்து சாலையோரம், ஓடையோரம் என்று 30 பசுமைத் தடங்கள். சுமார் 2 டிகிரி குறைந்ததாக நகர நிர்வாகம் சொன்னது. வசதியற்ற பகுதி மக்களுக்கே பயிற்சி கொடுத்துத் தோட்டப் பணியாளராக வேலைக்கு எடுத்தார்கள். நட்டுவிட்டுப் போவதற்கு ஆள் நிறைய உண்டு, நட்டதைக் காப்பாற்றச் சம்பளம் கொடுத்ததுதான் அங்கே விஷயம்.

கோவை_சிவா:
கோவையிலிருந்து ஒரு வருத்தம். 2010 செம்மொழி மாநாட்டுக்காக அவிநாசி ரோட்டை விரித்தபோது இரு பக்கமும் நின்ற மரங்கள் போயின. அதற்கு முன் மே மாதத்தில் அந்த ரோட்டில் சைக்கிளில் போன தலைமுறை நான். இப்போது அங்கே ஹெல்மெட்டுக்குள் தலை வெந்துவிடுகிறது. உக்கடம் பெரியகுளக்கரையில் நடைபாதையும் விளக்கும் போட்டிருக்கிறார்கள், மாலையில் கூட்டம் அலைமோதுகிறது, சந்தோஷம். ஆனால் பகல் பன்னிரண்டு மணிக்கு அங்கே நிற்க முடியாது. பெரிய மரம் அந்த அளவுக்கு இல்லை. குளத்தின் கரை என்றால் புளியும் ஆலும் மருதமும் நிற்கும் என்றுதான் நாங்கள் வளர்ந்தோம்.

டீச்சர்_தாம்பரம்:
பெண்கள் பக்கத்திலிருந்தும் யோசியுங்கள். அடர்ந்த மரம், இருட்டு, சுவர் எல்லாம் சேர்ந்தால் ஆறு மணிக்கு மேல் நாங்கள் அந்தப் பூங்காவுக்குள் கால் வைக்க மாட்டோம். வானம் பார்த்தவன் தம்பி சொன்ன மாதிரி சுவர் இல்லாமல், கண் மட்டத்தில் மறைப்பு இல்லாமல், மேலே மட்டும் குடை விரிந்த மாதிரி இருந்தால் நிழலும் உண்டு, பயமும் இல்லை. விளக்கு மரத்தின் இலைக்கு மேலே நின்று பயனில்லை, தாழ்வாக, பாதையைப் பார்த்து இருக்கட்டும். கழிப்பறையும் குடிதண்ணீரும் கேளுங்கள். பூக்கார அம்மா, தூய்மைப் பணியாளர் எல்லாம் பகல் இரண்டு மணிக்கு எங்கே உட்கார்வார்கள்? பல பூங்காக்களைப் பகலில் பூட்டி வைக்கிறார்கள். வெயில் நேரத்தில் பூட்டுகிற பூங்காவால் வெயிலுக்கு என்ன பயன்? காலை பத்திலிருந்து மாலை நாலு வரை திறந்திருக்க வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

மருத்துவர்_அமுதா:
டீச்சர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். என் பட்டியலில் அதுதான் முதலிடம்.

நாற்றங்கால்:
மரம் எது என்று கேட்பீர்கள், அதனால் விரிவாக. உங்கள் பக்கம் களிமண், மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும். குட்டைக் கரைக்கு நீர்மருது, நீர்க்கடம்பு, பூவரசு. உப்புத் தண்ணீர் இருந்தாலும் பூவரசும் புன்னையும் தாங்கும். உள்ளே புங்கை, வேம்பு, மகிழம், நாவல். நாவல் பழம் கீழே நசுங்கும், நடைபாதைக்கு மேலே வேண்டாம், ஓரமாக வையுங்கள், பறவைக்கு ஆகும். ஆல், அரசு அழகுதான், அரை ஏக்கரில் சுவரோரம் வைத்தால் பத்து வருஷத்தில் சண்டை வரும். ஒன்றே ஒன்று நடுவில் வைக்கலாம்.

குல்மொஹர், மஞ்சள் பூ பெல்டோபோரம் இரண்டும் வேகமாக வளரும் என்று ஆசை காட்டுவார்கள். 2016 டிசம்பர் 12, வர்தா புயல் அன்று எது விழுந்தது என்று நினைத்துப் பாருங்கள். கேபிள் பதிக்க வேரை அறுத்த மரங்களும் சேர்ந்து சாய்ந்தன. கோனோகார்பஸ் என்கிற வெளிநாட்டு அலங்கார மரத்தின் பக்கமே போக வேண்டாம், குஜராத் 2023-ல் தடை செய்தது, நம் அரசும் தடுத்துவிட்டது.

21,800 சதுர அடியில் 20 அடி இடைவெளி விட்டால் 50 மரம் தாராளம். மியாவாக்கி முறையில் ஆயிரக்கணக்கில் நெருக்கி நடச் சொல்வார்கள். பறவைக்கும் மண்ணுக்கும் நல்லது, ஆனால் அதற்குள் மனிதர் நுழைந்து உட்கார முடியாது, காற்றும் புகாது. மேற்கு மூலையில் ஒரு துண்டு மட்டும் அப்படி வையுங்கள், மாலை வெயிலை அது தடுக்கும்.

குழி மூன்றுக்கு மூன்றுக்கு மூன்று அடி. தொழுவுரம், செம்மண், கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. கன்று ஆள் உயரத்துக்கு மேல் இருக்கட்டும், மாடு எட்டாது. நடுவது ஆடி முடிந்து, வடகிழக்கு மழைக்கு முன். திறப்பு விழாவுக்காக மே மாதத்தில் நடச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எதிர்வாதி_73:
சரி, ஐம்பது மரம் வைத்தாயிற்று. மூன்று வருஷம் யார் தண்ணீர் ஊற்றுவது? எங்கள் தெருவில் கூண்டு மட்டும் நிற்கிறது, உள்ளே கன்று இல்லை. பக்கத்துக் கடைக்காரர் போர்டை மறைக்கிறது என்று கிளையை வெட்டுகிறார், மின்கம்பிக்காக ஒரு பக்கத்தை மொட்டையடிக்கிறார்கள், இலை விழுகிறது என்று வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார். மரத்துக்கு எதிரி வெயில் இல்லை, நாம்தான்.

ஏரிக்கரை:
நீங்கள் இப்போது கேட்டதுதான் இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி. எங்கள் பகுதியில் மழைநீர் வடிகால் தோண்டியபோது ஒரு ஒப்பந்ததாரர் வரிசையாக ஏழெட்டு வேப்பமரத்தின் பக்கவேரை ஜேசிபியால் இழுத்துவிட்டு, அடுத்த நாளே அடிமரம் வரை கான்கிரீட் கொட்டினார். அந்தக் கான்கிரீட்டில் பட்டை நசுங்கிய தடம் இன்றும் தெரியும். இரண்டு கோடையில் உச்சிக்கிளை காய்ந்தது. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் கான்கிரீட் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் டெல்லிக்கு 2013-லேயே உத்தரவு போட்டது. அந்த ஒரு மீட்டரை உங்கள் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வேலை முடிந்த பிறகு மூன்று கோடைக்குப் பராமரிப்பும், செத்த கன்றுக்கு மாற்றுக் கன்றும் அதே ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பில் தொகையில் ஒரு பங்கைப் பிடித்து வைத்து மூன்றாவது கோடை முடிந்ததும் விடுவிக்கச் சொல்லுங்கள்.

தண்ணீருக்குக் குட்டையோரம் ஒரு உறைகிணறு. கையால் இறைக்கிற பம்பே போதும்.

கூடல்_மீனா:
எங்க தெருவுல ஒரு வழக்கம் வச்சிருக்கோம். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு வீடு. பாத்திரம் கழுவுன கடைசித் தண்ணி, அரிசி களைஞ்ச தண்ணி அந்த மரத்துக்கு. பிள்ளைக பேரை மரத்துல எழுதித் தொங்க விட்டோம். அதுக்கப்புறம் எவனும் கிளையில கை வைக்கல. ஒங்க ஷீட் வீட்டுப் பிள்ளைகளையே கூப்பிடுங்க வாசு அண்ணே. அதுகதான் தெனம் அங்க நிக்கப் போறது.

வானம்_பார்த்தவன்:
ஒரு சின்னச் சேர்க்கை. பூங்காவோடு நிறுத்தாதீர்கள். பூங்கா வாசலிலிருந்து ஷீட் வீடுகள் வரை தெருவின் தெற்குப் பக்கத்தில் மரவரிசை கேளுங்கள். வருடத்தின் பெரும்பகுதி சூரியன் நமக்குத் தெற்கே சாய்ந்திருக்கும், தெற்கு வரிசை நிழல் தெருவில் விழும். மே முதல் ஆகஸ்ட் வரை நண்பகல் சூரியன் தலைக்கு நேரே அல்லது சற்று வடக்கே இருப்பதால் அப்போது கிளை அகலமாக விரிகிற மரம்தான் உதவும். புங்கை, வேம்பு போதும். மேற்கே மூன்று மணிக்கு மேல் அடிக்கிற வெயிலுக்கு ஷீட் வீடுகளின் மேற்குச் சுவரோரம் ஒரு முருங்கையாவது இருந்தால்கூட வித்தியாசம் தெரியும்.

வாசு_மடிப்பாக்கம்:
எல்லோருக்கும் நன்றி. இதுவரை வந்ததை வைத்து மனு எழுதிவிட்டேன். நீரூற்றையும் அலங்காரப் பனையையும் நீக்கி, அந்தத் தொகையில் கழிவுநீர்க் குழாயை அடைத்து வேறு வழி திருப்புவது. குட்டைக்கு மண் கரை, சிமென்ட் தரை கிடையாது. கிழக்குச் சுவருக்குப் பதில் கம்பி வேலி. பேவர் பிளாக் எட்டு வடிவப் பாதைக்கு மட்டும், அதுவும் நீர் இறங்குகிற வகை, மரத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி. நடவு புரட்டாசியில். பகலில் திறந்திருக்க வேண்டும். மூன்று கோடைப் பராமரிப்பு. ஷீட் வீடுகள் வரை தெருமரம்.

எட்டு வடிவப் பாதையை எடுக்கச் சொல்ல மனமில்லை, பெரியவர்கள் ஆசையாகக் கேட்டது. ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. உறைகிணறு போட்டால் மே மாதத்தில் குட்டையே வற்றிவிடாதா?

ஏரிக்கரை:
ஐம்பது கன்றுக்கு ஒரு நாளைக்கு இருபது லிட்டர் வைத்தாலும் ஆயிரம் லிட்டர். முதல் கோடையில் அவ்வளவு. இரண்டாம் வருஷம் வாரம் இரண்டு நாள், அதுவும் மண்ணை மூடி மூடாக்குப் போட்டால் பாதி. மூன்றாம் வருஷத்தில் வேர் ஈரத்தைத் தானே தேடிப் போய்விடும். சாதாரணக் குட்டையில் வெயிலுக்கு ஆவியாகிப் போவது அதைவிடப் பல மடங்கு. கரையில் மருதம் நிழல் விழ ஆரம்பித்தால் அந்த இழப்பிலும் கொஞ்சம் மிஞ்சும். மழைக்கு முன் ஓர் அடி தூர் வாருங்கள். களிப்படிவம் போகும், கசிவு திறக்கும். வாரிய மண்ணை லாரியில் ஏற்றிவிடாமல் மரக்குழிகளுக்கே போடச் சொல்லுங்கள்.

நாற்றங்கால்:
அந்த மண்ணில் செம்மண்ணும் மணலும் சரிபாதி கலந்து போடுங்கள், தனியாகப் போட்டால் கோடையில் பாளம் பாளமாக வெடித்து வேரை அறுக்கும். மூடாக்குக்குத் தென்னை மட்டை, காய்ந்த இலை போதும். பூவரசும் புங்கையும் வனத்துறை நாற்றங்கால்களில் கிடைக்கும், ஆடி மாதமே சொல்லி வையுங்கள், புரட்டாசியில் போனால் நல்ல கன்று தீர்ந்திருக்கும்.